நெருங்கவும் தராதரம் வேண்டும்

தீ என்றதும் நீரோடு பாய்ந்து செல்வதே தீயணைக்கும் படையினரின் வீரம் என்று நாம் எண்ணி வந்திருக்கிறோம். இரசாயனப் பொருள்கள் தொன் கணக்கில் புகையிரதத்திலும் லொறியிலும் செல்லத் தொடங்கிய பின்னர், அவ்வீரமே பல உயிர்களைக் குடித்திருக்கிறது.

அமெரிக்காவின் டெனசி மாநிலத்தில் வேவர்லி என்றொரு சிற்றூர். 1978 பெப்ரவரி 22ஆந் திகதி இரவு அங்கே சரக்குப் புகையிரதமொன்று தடம் புரண்டது. கவிழ்ந்த பெட்டிகளுள் புரொப்பேன் வாயுவைத் திரவமாக அடைத்த தாங்கியும் ஒன்று. கசிவு காணப்படவில்லை, தீயும் இல்லை. 24ஆந் திகதி பிற்பகல், வாயுவை வேறு தாங்கிக்கு மாற்ற ஆயத்தஞ் செய்துகொண்டிருக்கையில், உருக்கில் விழுந்திருந்த கீறல் விரிந்து தாங்கி வெடித்தது. மாண்டோர் 16 பேர். ஊரின் பொலிஸ் தலைவரும் தீயணைக்கும் படைத் தலைவரும் அவர்களுள் அடங்குவர்.

இத்தகைய இடங்களில் யார் எதுவரை செல்லலாம் என்பதை வரையறுக்கும் விதிகளை அந்நாட்டின் தொழிற் பாதுகாப்பு நிருவாகம் 1989இல் வெளியிட்டது. விபத்தை முதலிற் காண்பவர் அபாயத்தை இனங்கண்டு அறிவித்துவிட்டு விலகவேண்டும். அவர் கடமை அவ்வளவே. அடுத்த படியினர் குறைந்தது 8 மணித்தியாலப் பயிற்சி பெற்றோர். இவர்கள் தூர நின்று நஞ்சு பரவாமல் தடுக்கலாமேயன்றி, கசியும் துவாரத்தை நெருங்கலாகாது. துவாரத்தருகே சென்று அதனை அடைக்கும் உரிமை மூன்றாம் படியினரான தொழில்நுட்பருக்கே தொடங்குகிறது.

இவருக்கு ஆகக் குறைந்த பயிற்சி 24 மணித்தியாலம். ஆனால் வகுப்பில் அமர்ந்திருந்தாற் போதாது. இன்னதென்று தெரியாத பொருளைக் கருவி கொண்டு அறியவும், ஆபத்தை நிறுத்துப் பார்க்கவும், கசிவை அடக்கவும், மேனியிற் படிந்த நஞ்சைக் களையவும் வல்லவர் என்று, அவரை வேலைக்கமர்த்தியவரே அத்தாட்சி வழங்கவேண்டும். ஆண்டுதோறும் மீள்பயிற்சி உண்டு. வைத்தியப் பரிசோதனையும் உண்டு.

உடையைத் தெரிவு செய்வதே தனிக் கல்வி. ஓர் அமிலத்தைத் தாங்கும் அங்கியை வேறொரு திரவம் சில நிமிடங்களிலே ஊடுருவிவிடும். எல்லாவற்றையுந் தாங்கும் அங்கி கிடையாது. காற்றுப் புகாத அவ்வுடையினுள் உடற்சூடு ஏறி மயங்கி விழுவோரும் உளர். ஆதலால் எவரும் தனியே உட்செல்வதில்லை; இணையாகவே செல்வர். அவர்களை மீட்க வேறு சிலர் ஆயத்தமாக வெளியே நிற்பர்.

24 மணித்தியாலம் என்பது மூன்று வேலைநாள். ஒருவன் உயிரைப் பணயம் வைக்கும் தொழிலுக்கு இது சொற்பமென்றே நமக்குப் படுகிறது. கலிபோர்னியா மாநிலம் 160 மணித்தியாலம் கேட்பது வியப்பன்று.

பயிற்சியின் கடினமான பாகம் உடையிலும் கருவியிலும் இல்லை. எரியும் சுவாலை தாங்கியின் மேற்பாகத்தைச் சுடும்போது, உள்ளே திரவமில்லாத அவ்விடத்து உருக்கு இளகிப் பிளந்துவிடும். குளிர்விக்கப் போதிய நீர் இல்லையேல், மக்களை அகற்றிவிட்டுத் தாமும் விலகி, எரியவிடுவதே அங்கே சரியான விடை. அரிசோனா மாநிலத்துக் கிங்மன் நகரில் 1973 யூலை 5ஆந் திகதி, எரிந்துகொண்டிருந்த புரொப்பேன் தாங்கிக்கு நீர் பாய்ச்ச முனைந்தனர் தீயணைப்போர். அரை மணித்தியாலம் செல்லுமுன் அது வெடித்தது. அவர்களில் 11 பேர் இறந்தனர்.