படகுத்துறைத் தேநீர் யாருக்கு?

தேநீர்க் கடைக்கு ஒரு கட்டுரையா என்று கேட்பார்கள் கனவான்கள். கேட்கட்டும்! கடவுளைப் பற்றி எழுதினால் நாத்திகம் என்றார்கள். மொழியைப் பற்றி எழுதினால் வெறி என்றார்கள். கல்வியில் பங்கு கேட்டு எழுதினால் வகுப்புவாதம் என்றார்கள். தேநீரைப் பற்றி எழுதினால் என்ன பட்டம் சூட்டுகிறார்கள் என்று பார்த்துவிடுவோமே!

கருவேப்பிலங்குறிச்சித் தோழர்கள் சிலர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டனர். "பிச்சாவரத்துப் படகுத்துறைப் பக்கம் எல்லோரும் உட்கார்ந்து குடிக்க நல்ல தேநீர்க் கூடம் ஒன்று வேண்டும் என்கிறோம். ஆனால் வந்தால் ஏலத்துக்குத்தானே வரும்? பட்டணத்துக் காண்டிராக்டர் எடுப்பார், கண்ணாடிக் கதவு வைப்பார், நாம் கதவுக்கு வெளியே நிற்போம். இதற்கு நம் ஏடு என்ன சொல்கிறது?" என்றனர். நல்ல கேள்வி. பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

விருத்தாசலம் வட்டத்துக் கருவேப்பிலங்குறிச்சி எங்கே, கடலோரத்துப் பிச்சாவரம் எங்கே, இவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்க வேண்டாம். வெள்ளாறு பதில் சொல்லும். நம் வட்டாரத்து மண்ணைத் தொட்டு ஓடும் அந்த ஆறு, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைக் கடந்து, பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கிறது. அதன் முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்தின் முகத்துவாரத்துக்கும் நடுவில் கிடப்பதுதான் பிச்சாவரம். நம் ஊர்த் தண்ணீர் போய்ச் சேருகிற இடத்துக்கு நம் ஊர்த் தொழிலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வரக் கூடாதா?

போகிறான், தோழர்களே. பீங்கான் சூளையருகே ஆறு நாள் வெந்தவன், ஏழாம் நாள் வேன் பிடித்து, மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகிறான். ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்பில் விரிந்த காடு. காட்டுக்குள் தெருக்களைப் போல வாய்க்கால்கள். இரு கரை மரங்களும் தலைக்கு மேலே கைகோத்துக்கொள்ள, கீழே துடுப்புப் படகு நழுவிப் போகிறது. சுரபுன்னை, வெண்கண்டல், சிதம்பரத்துக்குப் பழைய பெயர் தந்த தில்லை மரமும் அங்கே உண்டு. 1975ல் வந்த 'இதயக்கனி' படத்தில் அந்த வாய்க்கால்களைத் திரையில் பார்த்தவர்கள் நம்மில் பலர். அலையாத்திக் காடு என்று தமிழன் அதற்கு வைத்த பெயர் வெறும் அழகுக்கு வைத்ததல்ல. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, அந்த மரங்களுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் அலையின் வேகம் குறைந்தது. 2022ல் அந்தச் சதுப்பு நிலம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் தலங்களின் பட்டியலில் சேர்ந்தது.

இப்படிப்பட்ட இடத்தில் தேநீர்க் கூடம் என்றால் அது யாருடையதாக இருக்க வேண்டும்? அங்கே துடுப்பு வலிக்கிறவருடையதாக இருக்க வேண்டும் என்கிறோம். கிள்ளைப் பக்கத்து மீனவப் பெண்களுடையதாக இருக்க வேண்டும் என்கிறோம். எம்.ஜி.ஆர். நகர் என்றும் கலைஞர் நகர் என்றும் பெயர் தாங்கிய இருளர் குடியிருப்புகள் அங்கே இருக்கின்றன. இடுப்பளவு, கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, வெறுங்கையால் துழாவி இறால் பிடித்துப் பிழைத்த மக்கள் அவர்கள். தலைவர்களின் பெயரைக் குடியிருப்புக்கு வைத்தோம். கல்லாப்பெட்டியின் சாவியை அந்தக் குடியிருப்புக்காரர் கையில் வைப்பது எப்போது?

நடக்கிற காரியமா என்று முகத்தைச் சுளிப்பவர்கள் வரலாற்றைப் புரட்டட்டும். காப்பி வாரியம் நடத்திவந்த காப்பி விடுதிகளை மூடி, ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பத் துணிந்தார்கள் ஒரு காலத்தில். பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன் அந்த ஊழியர்களைத் திரட்டினார். 1957ல் பெங்களூரில் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 1958ல் திருச்சூரில் கேரளத்தின் முதல் இந்தியன் காப்பி ஹவுஸ் திறந்தது. மேசை துடைத்தவனும் தட்டு ஏந்தியவனும் முதலாளியானார்கள். விடுதிகள் ஊருக்கு ஊர் பெருகின, இன்றும் நடக்கின்றன. மாற்றுக் கட்சிக்காரர் செய்ததாயிற்றே என்று மறைக்க மாட்டோம். நல்லதை எவர் செய்தாலும் சொல்வோம். நம் வீட்டிலும் சான்று இருக்கிறது: 1989ல் கலைஞர் ஆட்சியில் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று தமிழகத்தின் கடைக்கோடி வரை இருக்கின்றன. சேமிப்புப் புத்தகமும் வங்கிக் கணக்கும் தெரிந்த பெண்களுக்குத் தேயிலைக் கணக்கா தெரியாது?

ஆனால் தோழர்களே, கல்லாவை மட்டும் பேசிவிட்டுப் போக முடியாது. தேநீர்க் கடையின் பெஞ்சில் நம் இயக்கத்தின் பாதி வரலாறு உட்கார்ந்திருக்கிறது. மண்டபம் கேட்டால் மறுத்தார்கள், மைதானம் கேட்டால் 144 போட்டார்கள். முடிதிருத்தகமும் தேநீர்க் கடையும் நமக்குப் பள்ளிக்கூடங்களாயின. ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சுற்றி நின்று கேட்டார்கள். ஒரு சிங்கிள் டீயை ஒரு மணி நேரம் ஆற்றிக் குடித்த தோழனைக் கடைக்காரர் விரட்டவில்லை. காப்பி மேல்தட்டு வீட்டுப் பானம், தேநீர் உழைப்பவன் பானம் என்று ஒரு காலத்தில் பிரிந்திருந்த நாடு இது. அந்தப் பிரிவினையில் நம் பங்குக்கு வந்ததை நாம் ஆயுதமாக்கிக்கொண்டோம்.

அந்த ஆயுதம் சும்மா கிடைக்கவில்லை. ரயில் நிலையத்து உணவு விடுதியில் 'பிராமணாள்' ஒரு பக்கம், 'இதராள்' இன்னொரு பக்கம்! ஒரே வண்டியில் வந்தவன், ஒரே கட்டணம் கொடுத்தவன், சோறு தின்னும்போது மட்டும் வேறு சாதி! பெரியாரும் நீதிக்கட்சியினரும் போராடிய பிறகு, 1941ல்தான் தென்னிந்திய ரயில்வேயில் அந்தக் கோடு அழிந்தது. நாடு விடுதலை பெற்றுப் பத்தாண்டு கழிந்த பிறகும், 1957ல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் பெயர்ப்பலகையில் 'பிராமணாள்' உட்கார்ந்திருந்தார். பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் சென்று மறியல் செய்தார்கள், நாள்தோறும் கைதானார்கள். மாதங்கள் உருண்டன. 1958ல் அந்தச் சொல் பலகையை விட்டு இறங்கியது. நகரத்துப் பலகை இறங்கினாலும் சிற்றூர்க் கடைகளில் இரட்டைக் குவளை உடனே இறங்கிவிடவில்லை. 1955லேயே தீண்டாமைக் குற்றத்துக்குச் சட்டம் வந்தது, 1989ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. என்றாலும் தனிக் குவளை பற்றிய புகார்கள் அதற்குப் பின்னும் கேட்டன என்பது நமக்கெல்லாம் தலைகுனிவு.

பிச்சாவரம் நந்தன் கதைக்குரிய தில்லைக்குப் பக்கத்து ஊர் என்பதையும் மறக்கக் கூடாது. அந்த ஊரில்தான் சுவாமி சகஜானந்தர் 1916ல் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் கண்டு, ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். இருளர் பெண் ஆற்றித் தரும் தேநீரை எல்லாச் சாதிக்காரரும் ஒரே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, ஒரே வகைக் கோப்பையில் வாங்கிக் குடிப்பதைக் காண ஆசைப்படுகிறோம். காண்டிராக்டர் கடையில் அது நடக்குமா? விலைப்பட்டியலே அங்கே தீண்டாமைச் சுவராகிவிடும்! ஆகவே கடைத்தெருவில் என்ன விலையோ அதே விலைதான் படகுத்துறையிலும் இருக்க வேண்டும். அந்த விலையைத் தமிழில், பெரிய எழுத்தில், வாசலிலேயே எழுதிப் போட வேண்டும்.

கோப்பை என்றோமே, அதில்தான் விருத்தாசலத்துக்கு வேலை இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் பிளாஸ்டிக் கோப்பைக்குத் தடை. உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைக்கும் தடை. சட்டம் இருக்கிறது, குப்பையும் இருக்கிறது. உப்பங்கழியில் ஒரு கோப்பை விழுந்தால் அது மர வேரில் மாட்டிக்கொண்டு பல ஆண்டு கிடக்கும். நம் ஊரில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. அந்தத் தொழிலைச் சொல்லித்தரும் அரசுக் கல்விக்கூடம் இருக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது மேலே வெண்களிமண் கிடைக்கிறது. களிமண்ணைக் கூழாகக் கரைத்து பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரைக் குடிக்கிறது. ஓரத்தில் மண் தோலாகப் படிகிறது. மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு, உருவத்தை எடுத்து உலர்த்தி, ஒருமுறை சுட்டு, மெருகுக் குழம்பில் முக்கி, மறுபடி சுடுகிறார்கள். பொம்மை செய்யும் கைக்குக் கோப்பை செய்வது பெரிய வித்தையல்ல. (கொலுப் பொம்மை செய்பவருக்குப் பகுத்தறிவு ஏடு பரிந்து பேசலாமா என்று யாரும் கிண்டல் செய்ய வேண்டாம். கொலு வைப்பது அவரவர் விருப்பம். கூலி கொடுப்பது விருப்பமல்ல, கடமை!)

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2004ல் ரயில்வே அமைச்சராக வந்த லாலு பிரசாத், நிலையங்களில் மண்குவளையில் தேநீர் தர ஆணையிட்டார். குயவருக்கு வாழ்வு வந்தது என்று மகிழ்ந்தோம். ஆணை மட்டும் போட்டு, ஆண்டு முழுதும் கொள்முதல் செய்ய ஏற்பாடு இல்லாத இடங்களில் மண்குவளை போய், பழைய கோப்பையே திரும்பி வந்தது. ஆதலால் பிச்சாவரத்துக் கோப்பைக்கு விருத்தாசலத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். ஆண்டுக்கு எத்தனை, என்ன விலை, உடைந்தால் யார் கணக்கு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

தேயிலை? அதற்கும் நம் இனத்தாரிடம்தான் போக வேண்டும். திருச்சி, சேலம், தென்னாற்காடு என்று பல மாவட்டத்திலிருந்து இலங்கை மலைக்குப் போய், காட்டை அழித்துத் தோட்டமாக்கிய தமிழனுக்கு 1948ல் குடியுரிமை பறிபோனது. 1964ல் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணி ஒதுக்கியது, மூட்டை எண்ணுவதைப் போல. அப்படித் திரும்பியவர்களின் வாழ்வுக்காக அண்ணா முதல்வராக இருந்த 1968ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அதுதான் பிறகு டான்டீ ஆயிற்று. அரசுப் படகுத்துறையில் அரசுத் தேயிலை கொதிப்பதில் என்ன தடை?

கூடம் எங்கே நிற்க வேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பு வேண்டும். அழகாயிருக்கும் என்று வாய்க்கால் ஓரத்து மரங்களை வெட்டிக் கால் நாட்டினால் நாமே எதிர்த்து நிற்போம். கடலோர ஒழுங்காற்று விதி, பெரிய அலையாத்திக் காட்டைச் சுற்றி 50 மீட்டர் இடைவெளி கேட்கிறது. சாலைப் பக்கம், வண்டி நிறுத்துமிடத்தருகே கூரை போட்டால் போதும். சுற்றிலும் உப்புத் தண்ணீர்; கோப்பை கழுவ நல்ல தண்ணீர் வேண்டும், கழுவிய நீர் கழியில் விழாமல் தொட்டி கட்ட வேண்டும். இதையெல்லாம் கணக்கில் சேர்க்காமல் கூடத்தின் படத்தை மட்டும் அழகாக வரைந்து காட்டுபவரை நம்ப வேண்டாம்.

1971ல் கலைஞர் ஆட்சியில் பிறந்த சுற்றுலா வளர்ச்சிக் கழகம்தான் அந்தப் படகுகளை ஓட்டுகிறது. ஆட்சிக் கட்டிலில் எவர் அமர்ந்தாலும், அந்தக் கழகத்துக்கும் கிள்ளைப் பேரூராட்சிக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனு போக வேண்டும். கருவேப்பிலங்குறிச்சித் தோழர்கள் மூன்று பிரதி எழுதட்டும். விருத்தாசலம் பீங்கான் தொழிலாளரிடம் கையெழுத்து வாங்கட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிச்சாவரம் போகிறவர்கள் அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகட்டும். படகில் ஏறுமுன், துடுப்புப் பிடிப்பவரிடம் அதை உரக்கப் படித்துக் காட்டி, திருத்தம் சொன்னால் எழுதிக்கொண்டு, அதன் பிறகு அவர் கையெழுத்தைக் கேட்கட்டும்.