விரைவு வில்லை

விரைவு வில்லை என்பது பெரிய துவாரத்தைக் கொண்ட ஒளிப்படக்கருவி வில்லை ஆகும். இது கூடுதல் ஒளியை உள்ளே விடுவதால், மங்கிய வெளிச்சத்திலும் ஷட்டரைக் குறைந்த நேரமே திறந்து படம் எடுக்க இயலும். "விரைவு" என்னும் அடைமொழி இதனால் வந்ததே. பொதுவாக எஃப்/2.8 அல்லது அதனினும் சிறிய எண் கொண்டவை இவ்வகையில் சேர்க்கப்படுகின்றன. திருமணம், மேடை நிகழ்ச்சி முதலியவற்றைப் படம் எடுப்போர் இவற்றைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர்.

எஃப் எண்

குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுக்கக் கிடைப்பது எஃப் எண் எனப்படும். குவியத்தூரம் 50 மி.மீ., துவாரத்தின் விட்டம் 25 மி.மீ. எனில் அது எஃப்/2. எண் சிறுத்தால் துவாரம் பெருக்கும் என்பது புதியவர்களைக் குழப்புவதுண்டு. 1.4, 2, 2.8, 4, 5.6 என்னும் வரிசையில் ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகக் குறைகிறது. ஆகவே எஃப்/2.8 இல் 1/125 நொடி போதுமான இடத்தில், எஃப்/5.6 இல் 1/30 நொடி தேவைப்படும்.

திருமண மண்டபத்தில்

தமிழர் திருமணங்களில் முகூர்த்தம் பல வேளைகளில் விடியலுக்கு முன்பே அமைகிறது. தாலி கட்டுதல் சில நொடிகளில் முடிந்துவிடும். படம் சரியாக வரவில்லை என்று மறுபடி கட்டச் சொல்ல முடியாது. 1/30 நொடியில் மணமகனின் கைகளும் விழும் அட்சதையும் கலங்கிப் பதியும். சில வில்லைகளில் உள்ள அதிர்வு தணிக்கும் அமைப்பு, படம் எடுப்பவரின் கை நடுக்கத்தை மட்டுமே ஈடுசெய்யும். எதிரில் அசைபவரை நிறுத்தாது. பிளாஷ் அசைவை நிறுத்தும், ஆனால் விளக்கொளியும் ஓமத்தீயின் நிறமும் அதில் அடிபட்டுப் போகும்.

குழல்விளக்கு இன்னொரு சிக்கல். 50 ஏர்ட்சு மின்சாரத்தில் பழைய வகைக் குழல்விளக்கின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. 1/100 நொடியை விடக் குறைந்த நேரத்தில் எடுத்தால் படத்துக்குப் படம் நிறம் மாறக்கூடும், பட்டைகளும் விழக்கூடும். இத்தகைய மண்டபத்தில் 1/100 நொடியிலேயே நின்று, மிஞ்சும் ஒளியைக் கொண்டு ஐ.எஸ்.ஓ. அளவைக் குறைப்பது நன்று.

தேர்வு

கருவியுடன் சேர்த்து விற்கப்படும் 18-55 மி.மீ. வில்லைகள் பெரும்பாலும் நீண்ட முனையில் எஃப்/5.6 ஆகக் குறுகிவிடும். 50 மி.மீ. எஃப்/1.8 வில்லை அதைப் போல ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை விடும். விலையும் எடையும் குறைவு. எனினும் ஏபிஎஸ்-சி அளவு உணரியில் இதன் பார்வைக்கோணம் 75 முதல் 80 மி.மீ. வில்லைக்கு ஒப்பாகக் குறுகுவதால், நெரிசலான மணமேடையில் பின்னால் நகர இடமிராது. அங்கு 35 மி.மீ. ஏற்றது. முழுச்சட்டக் கருவி வைத்திருப்போர் 24-70 மி.மீ. எஃப்/2.8 ஜூம் வில்லையை நாடுவர். அது விலை மிக்கது, கனமானது. ஆனால் நின்ற இடத்திலிருந்தே முகத்தையும் மேடை முழுவதையும் எடுக்கலாம். தற்கால உணரிகள் உயர் ஐ.எஸ்.ஓ. அளவுகளிலும் தெளிவாகப் பதிவதால், எஃப்/4 வில்லையும் முன்னைவிடப் பயன்படுகிறது.

புல ஆழம்

துவாரம் பெருகப் பெருகக் கூர்மையாகத் தெரியும் ஆழம் குறையும். முழுச்சட்டக் கருவியில் 85 மி.மீ. வில்லையை எஃப்/1.8 இல் வைத்து 2 மீட்டர் தொலைவில் குவித்தால் அந்த ஆழம் ஏறத்தாழ 6 செ.மீ. மட்டுமே. மணமகளின் கண்ணில் குவித்தால், சற்றுப் பின்னால் அமர்ந்த மணமகனின் முகம் மங்கிவிடும். இருவரையும் சேர்த்து எடுக்கையில் எஃப்/1.4 வில்லை வைத்திருப்போரும் துவாரத்தைச் சுருக்கவே வேண்டும்.

திரைப்படத்தில்

கார்ல் சைசு நிறுவனம் 1966இல் நாசாவுக்காக உருவாக்கிய பிளானர் 50 மி.மீ. எஃப்/0.7 மிகவும் பெயர்பெற்ற விரைவு வில்லை. இயக்குநர் இசுட்டான்லி குப்ரிக் தம் பாரி லிண்டன் (1975) திரைப்படத்தின் மெழுகுவர்த்தி ஒளிக் காட்சிகளை இதைக் கொண்டு எடுத்தார். புல ஆழம் மிகக் குறைவாக இருந்தமையால், அக்காட்சிகளில் நடிகர்கள் தம் அசைவைக் கட்டுப்படுத்திக்கொள்ள நேர்ந்தது.