இரவெல்லாம் விழித்திருக்கும் வெப்பநிலைமானி

ஒரு நாளின் கடுங்குளிர் எப்போது வருகிறது? பெரும்பாலும் நாம் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் விடியற்காலையில்! சாதாரண வெப்பநிலைமானியோ நாம் பார்க்கும் அந்த நேரத்து வெப்பநிலையை மட்டுமே சொல்லும். இரவின் மிகக் குறைந்த அளவை அறிய, யாராவது விளக்கும் கையுமாகக் கண்விழிக்க வேண்டியிருந்தது. அத்தொல்லையைத் தீர்த்தவர் இங்கிலாந்தின் கான்டர்பரி நகரத்து ஜேம்ஸ் சிக்ஸ். (சிக்ஸ் என்றதும் ஆறு என எண்ண வேண்டாம், அது அவருடைய குடும்பப் பெயர்.) 1780ஆம் ஆண்டில் அவர் அமைத்த கருவியின் விவரம் 1782இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது.

'ப' வடிவக் கண்ணாடிக் குழாய். அதன் வளைவில் பாதரசம். ஒரு முனைக் குமிழில் ஆல்கஹால் நிறைந்திருக்கும். மறுமுனைக் குமிழில் ஆல்கஹாலோடு சிறிது வெற்றிடமும் உண்டு. உண்மையில் உழைப்பது நிறைந்த குமிழிலுள்ள ஆல்கஹால்தான். வெப்பம் ஏறினால் அது விரிந்து பாதரசத்தைத் தள்ளும். பாதரசம் மறுபுறம் ஏறி, அங்குள்ள சிறு எஃகுக் குறிகாட்டியை உயர்த்தும். பின்பு குளிர்ந்ததும் பாதரசம் இறங்கிவிடும், குறிகாட்டி இறங்காது! மயிரிழை போன்ற வில் ஒன்று குழாயின் சுவரைப் பற்றி அதை அங்கேயே நிறுத்திவிடும். ஆல்கஹால் சுருங்கும்போது பாதரசம் இந்தப் பக்கம் ஏறி, இங்குள்ள குறிகாட்டியைத் தள்ளும். ஆகவே இப்பக்கத்து அளவுகோலில் மேலே செல்லச் செல்ல எண்கள் குறையும். முதன்முறை பார்ப்பவர் தலைகீழாக எழுதிவிட்டார்களோ என்றே ஐயுறுவர். காலையில் குறிகாட்டிகளின் கீழ்முனை நிற்கும் அளவுகளைக் குறித்துக்கொண்டு, ஒரு காந்தத்தால் அவற்றைப் பாதரசம் வரை இறக்கிவிட்டால் மறுநாளைக்குத் தயார்.

சிக்ஸ் இதைக் கொண்டு செய்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கான்டர்பரி பேராலயக் கோபுரத்தின் உச்சியில் ஒன்றும், கீழே தோட்டத்தில் ஒன்றும் மாட்டினார். உயரத்தில்தானே குளிர் அதிகம் என்போம்? மேகமற்ற இரவுகளில் தோட்டமே அதிகமாகக் குளிர்ந்திருந்தது! மேகப் போர்வை இல்லாதபோது நிலம் தன் வெப்பத்தை விரைவில் இழக்கிறது. அதை ஒட்டிய காற்றும் உடன் குளிர்கிறது.

இக்கருவி கடலுக்குள்ளும் சென்றது. 1872 முதல் 1876 வரை கடல்களை ஆராய்ந்த சாலஞ்சர் கப்பலில், நீரின் அழுத்தம் குமிழை நசுக்கிப் பொய்க்கணக்குக் காட்டாதபடி, மேலே மற்றொரு கண்ணாடிக் குமிழைப் பொருத்திய வகையைப் பயன்படுத்தினர். அப்படியும் ஒரு குறை இருந்தது. வழியில் கண்ட மிகக் குறைந்த வெப்பநிலையைத்தான் அது நினைவில் வைக்கும். குளிர்ந்த நீருக்கு அடியில் சற்று வெதுவெதுப்பான நீர் இருந்தால், அச்செய்தி மேலே வராது.