மூக்கடைப்புதானே என்று இருந்துவிடாதீர்கள்!

"ஐயா, நாலு நாளா ஒரு பக்கம் மூக்கடைப்பு. இன்னைக்குக் காலையில வலது கண்ணு சுத்தமா தெரியலை. நந்தியாவட்டைச் சாறு விடலாமா?"

2021-ல், கொரோனாவிலிருந்து மீண்ட ஒருவர் மனைவியின் தோளைப் பிடித்தபடி வந்து கேட்டது இது. பத்து வருஷச் சர்க்கரை. இமை வீங்கித் தொங்கியிருந்தது. வாயைத் திறக்கச் சொன்னேன். மேலண்ணத்தில் கறுப்புத் திட்டு! ஒரு மருந்தும் தராமல் அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். உயிர் பிழைத்தார். பார்வை திரும்பவில்லை.

இதுதான் 'கறுப்புப் பூஞ்சை' என்று அன்று எல்லோரும் பேசிய மியூக்கர்மைகோசிஸ். அந்த வருஷம் மே மாதம் தமிழக அரசு இதை, கட்டாயம் தகவல் தர வேண்டிய நோயாக அறிவித்தது. ஆனால் கொரோனாவுக்கு முன்பும் இது இருந்தது, இப்போதும் இருக்கிறது.

இந்தப் பூஞ்சையின் விதைத்துகள்கள் மண்ணிலும், மக்கிய இலையிலும், பூத்துப்போன ரொட்டியிலும் உண்டு. தினமும் சுவாசிக்கிறோம். உடம்பின் வெள்ளை அணுக்கள் அவற்றை அழித்துவிடும். சர்க்கரை எகிறினால் அந்த அணுக்கள் சோர்ந்துபோகும். ரத்தத்தில் அமிலம் கூடினால், கட்டுண்டிருக்கும் இரும்புச்சத்து பிரிந்து பூஞ்சைக்கே தீனியாகிறது. ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

மூக்கில் இறங்கும் பூஞ்சை, சைனஸ் வழியாகக் கண்குழிக்குப் போகும். ரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்துவிடும். ரத்தம் கிடைக்காத சதை செத்துக் கறுக்கும். விழித்திரைக்குப் போகும் குழாய் அடைபட்டால் திடீரென்று பார்வை போய்விடும். அடுத்தது மூளை!

சர்க்கரை உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை: ஒரு பக்க முகவலி, கன்னத்தில் மரமரப்பு, மூக்கில் ரத்தம் அல்லது கறுப்புச் சளி, இமை வீக்கம், இரட்டைப் பார்வை, திடீரென ஆடும் மேல்பல். இதில் ஒன்று தெரிந்தாலும் 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று இருக்காதீர்கள்.

நான் சித்த வைத்தியன். ஆவாரம்பூவின் அருமை எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன்: இந்த நோய்க்குக் கஷாயமும் தைலமும் உதவாது. கண்ணில் எந்தச் சாறும் விடாதீர்கள். உடனே ஸ்கேன், மூக்குச் சதைப் பரிசோதனை, ஊசி வழியே ஆம்போடெரிசின், செத்த சதையை நீக்கும் ஆபரேஷன் – இவைதான் வழி.

இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. அடிக்கடி வருவதும் இல்லை. அதனால் பயப்பட வேண்டாம். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். காய்ச்சல் நாளில் 'சாப்பிடவே இல்லையே' என்று இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். ஸ்டீராய்டை நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

ஒரு நாள் அலட்சியம், ஒரு கண்ணின் விலை!