சோழர் காலத்துப் பேப்பர்ல தக்காளி சாதம் வரலாமா?

போன வாரம் திருமழிசையில எங்க எதிர்வீட்டுப் பையன், ஏழாவது படிக்கிறவன், சார்ட் பேப்பரோட வந்தான். "அங்கிள், சோழர் காலத்துல நியூஸ் பேப்பர் வந்திருந்தா எப்படி இருக்கும்னு எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க." ஏற்கனவே எழுதினதையும் காட்டினான்: 'கி.பி. 1010. பிரேக்கிங் நியூஸ்! பெரிய கோவில் திறப்பு. பக்தர்களுக்குத் தக்காளி சாதம்!'

முதல்ல தக்காளியை எடுத்தோம். தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு மூணுமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். ஐரோப்பியர்கள் வந்த பிறகுதான் நம்ம ஊருக்கு வந்தது. சோழர் சமையல்ல காரத்துக்கு மிளகுதான். அடுத்து தேதி. அன்னைக்கு யாரும் 1010-னு எழுதல. 'ராஜராஜ தேவருக்கு யாண்டு 25' அப்படித்தான் கணக்கு.

"அப்போ செய்திக்கு எங்க போறது?"ன்னு கேட்டான். நல்ல கேள்வி. கோவில் சுவர்தான் அன்னைக்குப் பேப்பர். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர்ல, முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் ரெண்டு இருக்கு: 919, 921. ஊர்ச் சபையோட வாரியங்களுக்கு ஆள் எடுக்கிற விதிமுறை அதுல இருக்கு. ஊர் 30 குடும்பாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புன்னா இன்றைய வார்டு மாதிரி. தகுதியானவங்க பேரை ஓலையில எழுதிக் குடத்துல போடுவாங்க. சபை முன்னாடி ஒரு சின்னப் பையன் ஓலையை எடுப்பான். பதவி 360 நாள். முன்பு பதவியில இருந்து கணக்குக் காட்டாதவங்களும், அவங்க சொந்தக்காரங்களும் நிற்கவே முடியாது. இதைவிட நல்ல தலைப்புச் செய்தி கிடைக்குமா?

பையன் உடனே எழுதினான்: 'மக்கள் அனைவரும் ஓட்டுப் போட்டனர்!' இங்கதான் நான் நிறுத்தினேன். வாட்ஸ்அப்ல வர்றதும் இதேதான். ஆனா கல்வெட்டுல அப்படி இல்லை. அது பிராமணர்களோட சபை. வரி கட்டுற நிலம் கால் வேலிக்கு மேல வேணும், சொந்த மனையில வீடு வேணும், வேதம் தெரிஞ்சிருக்கணும், வயசு 35-லிருந்து 70-க்குள்ள இருக்கணும். அதுவும் ஓட்டு இல்லை, குலுக்கல். பெண்களுக்கும் நிலமில்லாதவங்களுக்கும் அதுல இடமே இல்லை.

"அப்போ பெருமைப்படக் கூடாதா அங்கிள்?"

தாராளமாப் படலாம்னேன். கணக்குக் காட்டாதவனை ஒதுக்கி வைக்கணும்னு 1,100 வருஷத்துக்கு முன்னாடியே கல்லுல வெட்டியிருக்காங்களே! ஆனா இல்லாததைச் சேர்த்துத்தான் பெருமைப்படணும்னு அவசியமில்லை.

விளம்பரப் பகுதிக்கும் கல்வெட்டே உதவுச்சு. கோவில்ல ஒரு விளக்கு அணையாம எரியறதுக்கு 96 ஆடு கொடுப்பாங்க. அதுக்கு 'சாவா மூவாப் பேராடு'ன்னு பேர். ஆடு சாகாதுன்னு அர்த்தமில்லை. எண்ணிக்கை குறையாமப் பார்த்துக்கிட்டு, மந்தையை வாங்கினவர் தினமும் ஒரு உழக்கு நெய் கொடுக்கணும். அதை வச்சு 'ஆடு மேய்ப்பவர் தேவை'ன்னு ஒரு விளம்பரம் போட்டான்.

கடைசியா ஒரு யோசனை சொன்னேன். கல்வெட்டுல இருக்கிறதை நீல மையில எழுது, நீயே கற்பனை பண்ணினதைப் பச்சை மையில எழுது. பையன் பச்சையில 'ஆசிரியருக்குக் கடிதம்' ஒண்ணு எழுதினான். எழுதினது, வயல்ல நாத்து நடுற ஒரு அம்மா: 'குடத்தில் எங்கள் பெயர் எப்போது விழும்?'

உங்க வீட்டுப் பிள்ளைக்கும் இப்படி அசைன்மென்ட் வந்தா, ரெண்டு பேனா வாங்கிக் கொடுங்க.