தகரக் கொட்டகைக்குக் கூரை வாய்க்கால்

தகரக் கூரையிலிருந்து வழியும் மழைநீரை இறவாரத்திலேயே ஏந்தி, குழாய் வழியாக வேண்டிய இடத்திற்குக் கொண்டுசெல்லும் அமைப்பு கூரை வாய்க்கால் எனப்படுகிறது. கடைகளில் 'கட்டர்' என்று கேட்டால்தான் கிடைக்கும். இலங்கைத் தமிழில் இதற்குப் 'பீலி' என்ற நல்ல சொல் உண்டு.

தேவை

திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள பத்தமடை, புவிசார் குறியீடு பெற்ற கோரைப்பாய்க்குப் பெயர்போன ஊர். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தால் சுற்றிலும் வயல்கள். பாய்க்குரிய கோரையை வெயிலில் நன்கு உலர்த்தி ஈரம் படாமல் வைக்க வேண்டும். ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடித்து நிறம் கெடும். பல நாள் உழைப்பு வீணாகும். வீட்டுப் பின்புறத் தகரக் கொட்டகையில் கோரையை வைப்பவர்கள் கூரை ஒழுகுகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ஆனால் ஈரம் பெரும்பாலும் கீழிருந்தே வருகிறது. கூரையிலிருந்து விழும் நீர் தரையைக் குழியாக்கி, சேற்றோடு சுவரில் தெறித்து, அடித்தகட்டின் இடுக்கு வழியே உள்ளே புகுகிறது. தகடு துருப்பிடிப்பதும் அடியிலிருந்துதான்.

பொருத்தும் முறை

ஆயத்த வாய்க்கால் கிடைக்காவிட்டால் 110 மி.மீ. பிவிசி குழாயை நீளவாக்கில் இரண்டாக அறுத்துக்கொள்ளலாம். 4 மீட்டர் நீளப் பாதிக்குழாய் நிறைந்து நின்றால் அதிலுள்ள நீர் மட்டும் ஏறத்தாழ 17 கிலோ இருக்கும். கொட்டகையின் மெல்லிய தகடு இதைத் தாங்காது. ஆகவே கிளாம்புகளைத் தகட்டில் அல்ல, உள்ளிருக்கும் இரும்புச் சட்டத்தில் முடுக்க வேண்டும். சட்டம் எட்டாத இடத்தில் உட்புறம் ஒரு மரச்சட்டத்தை வைத்துப் பிடிக்கலாம். பலர் இதைச் செய்வதில்லை. முதல் பெருமழையிலேயே வாய்க்கால் தொங்கிவிடுகிறது.

மீட்டருக்கு 5 முதல் 10 மி.மீ. வரை சரிவு போதும். 4 மீட்டருக்கு 2 முதல் 4 செ.மீ. ஆகும். கண்மதிப்பில் செய்யாமல் டியூப் லெவல் பார்த்து நூல் கட்டுவது நல்லது. கூரைத் தகட்டின் விளிம்பு வாய்க்காலின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை உள்ளே நீள வேண்டும். வாய்க்காலின் வெளி விளிம்பு உள் விளிம்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். நிரம்பி வழிந்தாலும் நீர் சுவர்ப்பக்கம் வராது.

பிவிசி வெயிலில் நீளும். 30 பாகை வெப்ப வேறுபாட்டில் 4 மீட்டர் குழாய் ஏறக்குறைய 7 மி.மீ. நீள்வதால் கிளாம்புக்குள் அது நகர இடம் வேண்டும். துளையிடும்போது சிதறும் இரும்புத் தூளை உடனே துடைத்துவிட வேண்டும். அந்தத் தூள் துருப்பிடித்தால் துத்தநாகப் பூச்சுள்ள தகட்டிலும் கறை படியும்.

நீர் போகும் இடம்

ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் நீர் கிடைக்கும். ஒருபக்கச் சரிவுள்ள 12 சதுர மீட்டர் கூரையில் மணிக்கு 50 மி.மீ. மழை பெய்தால் 600 லிட்டர். 200 லிட்டர் டிரம் 20 நிமிடத்தில் நிரம்பிவிடும். அதனால் டிரம்மை மட்டும் நம்பக்கூடாது. மிகுநீர் வெளியேற ஒரு குழாயும், அது போய்ச் சேரக் கொட்டகையிலிருந்து தள்ளி ஓர் உறிஞ்சுகுழியும் தேவை. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது அமைத்த குழி வீட்டில் இருந்தால் அதனுடனே இணைத்துவிடலாம்.

2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாமிரபரணிக் கழிமுகத்தை அடுத்த காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. மேலே சொன்ன கூரையில் அது 11,400 லிட்டர். அத்தகைய மழையில் எந்த வாய்க்காலும் நிரம்பி வழியும். கோரைக் கட்டுகளைச் செங்கல் அடுக்கி, பலகை போட்டு, அதன்மேல் வைப்பதே அப்போது காக்கும்.

பராமரிப்பு

புரட்டாசி முடிவதற்குள், வடகிழக்குப் பருவமழைக்கு முன், சருகுகளை அள்ளிவிட வேண்டும். ஆடிக்காற்றில் தளர்ந்த திருகுகளையும் அப்போதே முடுக்கிவிடலாம். சரிவு குறைந்து நீர் தேங்கினால் டெங்கு பரப்பும் ஏடிசு கொசு முட்டையிடும். டிரம்முக்கும் இறுக்கமான மூடி வேண்டும். முதல் மழைநீரில் தூசியும் பறவை எச்சமும் கலந்து வருவதால் அதை டிரம்மில் பிடிக்காமல் வெளியே விட்டுவிடுவது வழக்கம்.