முப்பது சதவீதச் சலுகை யாருக்கு? தில்லியில் சொத்து வரியும் முதியோரும்

தில்லியில் சொத்து வரிச் சலுகை கேட்டு எவரும் மனுப் போட வேண்டியதில்லை. 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள அலகுப் பரப்பு முறையில், வீட்டு உரிமையாளரே தமது வீட்டின் பரப்பை அளந்து, வரியைக் கணக்கிட்டு, தமக்குரிய சலுகையைத் தாமே கழித்துக்கொண்டு பணத்தைச் செலுத்தலாம். மூத்த குடிமக்கள், மாற்றுத்திறனாளிகள், பெண்கள், முன்னாள் படைவீரர்கள் ஆகிய நான்கு பிரிவினருக்கும் வரியில் 30 சதவீதம் குறைக்கப்படுகிறது. காகிதத்தில் இதைவிட எளிய ஏற்பாடு இருக்க முடியாது. ஆனால் சலுகை யாருக்குச் சேர வேண்டுமோ அவர்களில் ஒரு பகுதியினரை இதே எளிமை வெளியே நிறுத்திவிடுகிறது.

நிபந்தனைகள் நான்கு. வீடு ஒன்றே ஒன்றுக்குத்தான் சலுகை. அதில் உரிமையாளரே குடியிருக்க வேண்டும். கட்டிய பரப்பில் 200 சதுர மீட்டர் வரைதான் கணக்கு. வீடு தகுதி பெற்றவரின் தனிப் பெயரில் இருக்க வேண்டும். முதல் மூன்றில் பெரிய சிக்கல் இல்லை. நான்காவதில்தான் முதியோர் பலர் தடுமாறுகின்றனர்.

வரி எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். தலைநகரின் குடியிருப்புப் பகுதிகள் 'ஏ' முதல் 'எச்' வரை எட்டு வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. சதுர மீட்டருக்கு 'ஏ' பகுதியில் 630 ரூபாய், 'டி' பகுதியில் 320 ரூபாய், 'எச்' பகுதியில் 100 ரூபாய் என அலகு மதிப்பு. இதனைப் பரப்பாலும், கட்டடத்தின் வயது, அமைப்பு, பயன்பாடு, குடியிருப்பவர் யார் என்பவற்றுக்கான காரணிகளாலும் பெருக்கினால் ஆண்டு மதிப்பு கிடைக்கும். 'ஏ', 'பி' பகுதி வீடுகளுக்கு அதில் 12 சதவீதமும், 'சி' முதல் 'இ' வரை 11 சதவீதமும், மற்றவற்றுக்கு 7 சதவீதமும் வரி.

'டி' பகுதியில் 1985-இல் கட்டப்பட்ட 100 சதுர மீட்டர் வீட்டை எடுத்துக்கொள்வோம். வயதுக் காரணி 0.8. ஆண்டு மதிப்பு 25,600 ரூபாய். வரி 2,816 ரூபாய். மூத்த குடிமகனுக்கு அதில் 845 ரூபாய் குறைந்து, ஏறத்தாழ 1,971 ரூபாய் ஆகும். கல்வி வரி தனி. அதே தளத்தை வாடகைக்கு விட்டால் காரணி இரண்டு மடங்காகிறது, சலுகையும் கிடையாது. வரி 5,632 ரூபாய். குடும்ப ஓய்வூதியம் போதாமல் மாடியை வாடகைக்கு விடும் விதவைத் தாய், அந்த மாடிக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு வரி செலுத்த வேண்டும்.

இனி அந்தத் தாயின் நிலை. வீடு கணவர் பெயரில் இருந்தது. அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். பெண் என்ற முறையில் இவருக்கு வயது வரம்பே இல்லாமல் சலுகை உண்டு. ஆனால் மாநகராட்சிப் பதிவேட்டில் இன்னும் இறந்தவர்தான் உரிமையாளர். உரிமையாளர் இறந்தால் ஆறு மாதங்களுக்குள் வாரிசுகள் தகவல் தர வேண்டும் என்கிறது தில்லி மாநகராட்சிச் சட்டத்தின் 128-ஆவது பிரிவு. துக்க வீட்டில் இதை நினைவில் வைத்திருப்போர் மிகச் சிலரே. பெயர் மாற்றம் கேட்டுச் சென்றாலும், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்கு. வீடு 'தனிப் பெயரில்' வர வேண்டுமானால் பிள்ளைகள் எல்லோரும் பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். ஒருவர் நியூ ஜெர்சியிலும் மற்றொருவர் பெங்களூரிலும் இருந்தால், 845 ரூபாய்ச் சலுகைக்காக யார் விமானம் ஏறுவது?

மறுபக்கமும் உண்டு. சச்சரவு வேண்டாம் என்று வாழும்போதே மகன் பெயருக்கு வீட்டைத் தானமாக எழுதிக் கொடுக்கும் பெற்றோர், அந்த நாளிலேயே சலுகையையும் இழக்கின்றனர். சலுகை போனால் போகட்டும். வீடே போய்விடும் அபாயமும் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் (2007) 23-ஆவது பிரிவில் இதற்குப் பரிகாரம் வைத்திருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய தானத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் தீர்ப்பாயம் ரத்துசெய்யலாம். வீட்டின் சுவாதீனத்தைத் திரும்ப ஒப்படைக்க உத்தரவிடவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆகவே பத்திரத்தில் அந்த நிபந்தனையைச் சேர்த்து எழுதுவது, ஆயுள் முழுவதும் மிச்சமாகும் வரியைவிடப் பெறுமதி வாய்ந்தது.

தில்லிக்கே உரிய இன்னொரு சிக்கல் பவர் பத்திரம். வளர்ச்சி ஆணையத்தின் அடுக்குமாடி வீடுகள் குத்தகை நிலத்தில் இருந்த காலத்தில், பொது அதிகாரப் பத்திரத்தின் பேரில் கைமாறியவை ஏராளம். மத்திய அரசுப் பணிக்கு வந்து தலைநகரிலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. இத்தகைய பத்திரத்தால் உரிமை மாறாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரியை வசூலிக்கும்போது மாநகராட்சி குடியிருப்பவரிடம் வாங்கிக்கொள்கிறது. சலுகை என்று வரும்போது உரிமையாளர் யார் என்ற கேள்வி எழுகிறது.

சலுகையின் நியாயம் குறித்தும் கேட்க வேண்டியிருக்கிறது. 'ஏ' வகையான வசந்த் விஹாரில் 200 சதுர மீட்டர் புதிய வீடு வைத்திருக்கும் முதியவருக்கு 15,120 ரூபாய் வரியில் 4,536 ரூபாய் மிச்சம். 'எச்' பகுதியில் 40 சதுர மீட்டர் புதிய வீட்டுக்கு மொத்த வரியே 280 ரூபாய். மிச்சமாவது 84 ரூபாய். வருமானத்துக்கு வரம்பு இல்லாததால், யாருக்கு உதவி குறைவாகத் தேவையோ அவருக்கே அதிகம் கிடைக்கிறது. வாடகை வீட்டில் வாழும் முதியவருக்கோ ஒன்றுமில்லை.

பிற மாநிலங்கள் வேறு வழிகளில் சென்றுள்ளன. மும்பையில் 2022 ஜனவரி முதல் 500 சதுர அடி வரையிலான குடியிருப்புகளுக்குச் சொத்து வரி இல்லை. வயதையோ உடல்நிலையையோ யாரும் கேட்பதில்லை. நிலம், கட்டட வரி மாநிலப் பட்டியலில் இருப்பதால் நாடு முழுமைக்கும் ஒரே விதி வர வழியில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. 40 சதவீதக் குறைபாட்டை அளவுகோலாக வைக்கிறது. சொத்து வரி பற்றி அதில் ஏதுமில்லை.

அரசியல் கட்சிகளுக்கு முதியோரைவிடச் சதுர கஜங்கள் மீதே கண். 2025 பிப்ரவரியில், அப்போது மாநகராட்சியை ஆண்ட ஆம் ஆத்மி கட்சி 100 சதுர கஜம் வரையிலான வீடுகளுக்கு வரி விலக்கு என்று அறிவித்தது. ஏப்ரலில் மேயர் பதவி பாரதிய ஜனதாவிடம் சென்றது. ஜூனில் வந்தது நிலுவைதாரர்களுக்கான திட்டம்: நடப்பாண்டு வரியையும் முந்தைய ஐந்தாண்டு அசலையும் செலுத்தினால் அதற்கு முந்தைய பாக்கி, வட்டி, அபராதம் யாவும் தள்ளுபடி. தவறாமல் கட்டிவந்த ஓய்வூதியர்களுக்கு இதில் கசப்பு ஏற்படாமல் இருந்தால்தான் வியப்பு.

தலைநகரிலேயே எல்லையும் மாறுகிறது. நாடாளுமன்றத்தைச் சுற்றியுள்ள புது தில்லி நகராட்சி மன்றம் தனி அமைப்பு. அது கொண்டுவந்த அலகுப் பரப்பு விதிகள் செல்லாது என 2019-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ததால், பழைய ஆண்டு மதிப்பு முறைக்கே திரும்ப நேர்ந்தது. ராணுவக் குடியிருப்பு வாரியம் இன்னொரு தனி ராஜ்யம். மாநகராட்சிச் சலுகை இவ்விரு எல்லைகளுக்குள்ளும் செல்லாது.

சலுகையைத் தாமே கழித்துக்கொள்வதில் ஒரு ஆபத்தும் உண்டு. பின்னர் ஆய்வில் தகுதியில்லை என்று தெரிந்தால் வித்தியாசத் தொகையை வட்டியோடு கட்ட வேண்டும். எனவே வயதுச் சான்று, மாற்றுத்திறனாளிச் சான்றிதழ், உரிமைப் பத்திரம் ஆகியவற்றின் நகல்களை ஒவ்வோர் ஆண்டின் ரசீதோடும் சேர்த்து வைத்திருப்பது நல்லது. ஜூன் 30-க்குள் முழுத் தொகையையும் செலுத்துவோருக்கான தனித் தள்ளுபடி முன்பு 15 சதவீதமாக இருந்தது. பிறகு 10 ஆகக் குறைக்கப்பட்டது. 2024 ஜூலை முதல் காசோலையும் ஏற்கப்படுவதில்லை. கைப்பேசியில் பணம் செலுத்தத் தயங்கும் எண்பது வயதுக்காரர், வங்கிக்குச் சென்று வரைவோலை எடுத்து, அதைச் சுமந்துகொண்டு மண்டல அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.